நேரம் மாறுவதற்குள்: டொரண்டோவில் முதல் இலையுதிர் காலம், ஓய்வுபெற்றவர்களுக்கு

பிள்ளைகளோடு இருக்கலாம் என்று டொரண்டோவுக்கு வரும் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் மே, ஜூனில் வந்து இறங்குகிறார்கள். கோடை போவதே தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை, நயாகரா, கோயில் தேர், சனி ஞாயிறானால் யார் வீட்டிலாவது சாப்பாடு. செப்டம்பர் முதல் வாரம் பள்ளி திறக்கும். காலை எட்டரைக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் கிளம்பிப் போய்விடுவார்கள். அப்புறம் நாமும் நான்கு சுவரும்தான்.

மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இங்கே டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு வந்தவன் நான். முதல் வருடம் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தையும் சோபாவில் உட்கார்ந்து ஊர் சீரியல் பார்த்தே தொலைத்தேன். "குளிர்காலத்தில்தானே வெளியே போகமுடியாது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு கணக்கு. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். ஐந்து மணிக்கே இருட்டு. நடக்கிற பழக்கமும் இல்லை, போவதற்கு இடமும் தெரியாது, பேச ஆளும் இல்லை. ஜனவரியில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். குளிர்காலத்துக்கான பழக்கங்களைக் குளிர்காலத்தில் ஆரம்பிக்க முடியாது. பள்ளி திறக்கிற நாளிலிருந்து நேரம் மாறுகிற நாள்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் கிடைக்கிறது. அதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். கீழே இருப்பது ஸ்கார்பரோ, அதற்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரம் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதியது. ரொறன்ரோ என்று எழுதுகிற யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான்.

முதலில் இரண்டு அட்டை

செப்டம்பர் முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மகனோ மருமகளோ லீவு போடும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்று பிரஸ்டோ கார்டு. பஸ், சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் இதைத் தட்டினால் போதும். 65 வயதாகிவிட்டால் முதியோர் கட்டணம் உண்டு. ஆனால் அது தானாக வராது. கார்டை வாங்கியபின், வயதைக் காட்டும் பாஸ்போர்ட்டையோ வேறு அடையாள அட்டையையோ கொண்டுபோய் முதியோர் கார்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிரஸ்டோ சேவை உள்ள மருந்துக்கடைகளிலேயே மாற்றித் தருகிறார்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் முழுக் கட்டணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை தட்டினால் டிடிசி (டொரண்டோ நகரப் போக்குவரத்து) வண்டிகளில் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். காய்கறி வாங்கிக்கொண்டு அதே கட்டணத்தில் வீடு திரும்பலாம்.

இன்னொன்று நூலக அட்டை. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவசம். பெயரும் முகவரியும் காட்டும் தாள் ஒன்று வேண்டும். டொரண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன. தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதிகளின் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே அலமாரி உண்டு. புத்தகம் படிக்கிற வழக்கம் இல்லாவிட்டாலும் அட்டை வாங்குங்கள். குளிரில் ஒரு மணி நேரம் காசில்லாமல் கதகதப்பாக உட்கார இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது. கழிப்பறை சுத்தமாக இருக்கும். நம் வயதில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உடுப்பு

வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அக்டோபரில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சித்திரை மாதம் மாதிரி பளீரென்று இருக்கும். கதவைத் திறந்தால் எட்டு டிகிரி. ஏரிக் காற்று வேறு.

கனமான கோட்டு ஒன்றை மட்டும் போட்டுக்கொள்வதைவிட மெல்லிசாக மூன்று அடுக்கு போடுவது மேல். உடம்போடு ஒட்டி ஒரு முழுக்கை பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். நடக்கும்போது வேர்த்தால் நடு அடுக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது, அப்புறம் முதுகில் ஐஸ் வைத்தது போல இருக்கும்.

செருப்புக்கு விடை கொடுத்துவிடுங்கள். நனைந்த மேப்பிள் இலை வாழைப்பழத் தோலுக்குச் சளைத்ததல்ல. அடியில் ஆழமான வெட்டு உள்ள, தண்ணீர் புகாத ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள். மற்றதெல்லாம் பழைய துணிக் கடையில் வாங்கினாலும் பரவாயில்லை, ஷூவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

நடக்கப் போகிற இடங்கள்

வீட்டைச் சுற்றிப் பத்து நாள் நடந்தால் அலுத்துவிடும். எங்கே போகிறோம் என்று ஒரு காரணம் இருந்தால் கால் தானாக நடக்கும். இந்தப் பருவத்தில் அப்படிப்பட்ட காரணங்கள் நிறையவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு.

செப்டம்பர் நடுவில் ரோசெட்டா மெக்லெய்ன் தோட்டத்துக்குப் போங்கள். கிங்ஸ்டன் சாலையை ஒட்டி, ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளின் மேல் இருக்கிறது. பாதை சமதளம், உட்கார நிறைய பெஞ்சு. முட்டி வலி உள்ளவர்களும் தயங்காமல் போகலாம். பூக்களைப் பார்த்துவிட்டு அண்ணாந்து வானத்தையும் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே வலசை போகிற பருந்து, வல்லூறு, கழுகெல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. காரணம் சுவாரசியமானது. இறக்கையை விரித்து மிதக்கிற பறவைகளுக்குச் சூடான காற்று மேலே எழும்பித் தூக்கிவிட வேண்டும். ஏரித் தண்ணீருக்கு மேல் அந்தத் தூக்கல் கிடைக்காது. அதனால் ஒன்டாரியோ ஏரியைக் குறுக்கே கடக்காமல், கரையோரமாகவே மேற்கு நோக்கிப் போய்ச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகின்றன. பைனாகுலரோடு எண்ணிக்கை எடுக்கும் ஆர்வலர்கள் அங்கே நிற்பார்கள், அவர்களிலும் நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் அதிகம். பக்கத்தில் போய் நின்று "அது என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வெள்ளைக்கார நண்பர் அந்த ஒரு கேள்வியில் கிடைத்தவர்தான்.

அதே தோட்டத்தில் அதே நாட்களில் ஆரஞ்சும் கறுப்புமாக மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளையும் பார்க்கலாம். அரை கிராம் எடை இருக்கும். மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் பயணிகள் அவை.

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை மார்னிங்சைட் பூங்கா. ஹைலண்ட் கிரீக் ஓடை அதன் வழியாக ஓடுகிறது. ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஓடையில் எதிர்நீச்சல் போட்டு வரும். முழங்கால் அளவுத் தண்ணீரில், கை நீள மீன் முதுகு வெளியே தெரிய அடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால் வீட்டுக்கு வர மனசு வராது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது உத்தமம், அப்போதுதான் தண்ணீர் ஏறி மீன்களும் ஏறும். பிறந்த ஓடையின் வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கின்றன என்கிறார்கள். முட்டையிட்டதும் செத்துப்போகும். கரையில் செத்த மீன்கள் கிடக்கும், நாற்றமும் இருக்கும், திடுக்கிட வேண்டாம். இன்னொரு விஷயம், இவை இந்த ஏரியின் பூர்வகுடி அல்ல. இங்கே இருந்த அட்லாண்டிக் சால்மன், மில் அணைகளாலும் அளவில்லாத மீன்பிடியாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. சினூக் பசிபிக் பக்கத்திலிருந்து 1960களின் கடைசியில் கொண்டுவந்து விடப்பட்டது. வந்தேறிதான். ஆனாலும் இங்கேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறது. பிள்ளைகளை நம்பி வந்து இறங்கிய நமக்கு அதைப் பார்க்கையில் ஒரு சொந்தம் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

அக்டோபர் நடுப்பகுதி முழுக்க ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு. ஸ்கார்பரோ, மார்க்கம், பிக்கரிங் என்று விரிந்து கிடக்கும் இந்தப் பூங்கா கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸில் போய் இறங்கி, பக்கத்திலேயே தொடங்கும் விஸ்டா பாதையைப் பிடியுங்கள். ஒன்றரை கிலோமீட்டர்தான். அதில் ஒரு மரத்தளம் இருக்கிறது. அங்கே நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று காடே பற்றி எரிவது போல இருக்கும். மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருந்ததுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும் நாட்களில் இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து மரம் புதிதாக உண்டாக்குவது. அதனால்தான் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருப்பதில்லை.

ரூஜுக்குப் போகும்போது ஓர் எச்சரிக்கை. அங்கே உண்ணி உண்டு. லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி. குளிர் வந்துவிட்டதே, பூச்சி இருக்காது என்று நானும் நினைத்திருந்தேன். வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கின்றன. வெளிர் நிற பேண்ட் போட்டு, அதன் கீழ் முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் கூடாது. எடுத்த பிறகு மருந்துக்கடையில் காட்டுங்கள். ஒன்டாரியோவில் உண்ணிக்கடிக்கு மருந்தாளுநரே மருந்து எழுதித்தரலாம்.

காளான் பார்த்தால் கை வைக்காதீர்கள். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்பது சட்டம். நமக்கு இந்த ஊர்க் காளானில் எது விஷம் என்று தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கறிவேப்பிலையை உள்ளே கொண்டுவருவது

அநேகமாக உங்கள் மருமகள் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருப்பார். வைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். அந்தச் செடியின் உயிர் இப்போது உங்கள் கையில்.

முதல் வருடம் நான் செய்த கூத்து இது. அக்டோபர் பாதிவரை வெளியிலேயே விட்டுவைத்தேன். "நம்ம ஊர்ச் செடி, தாங்கும்" என்று ஒரு அசட்டுத் தைரியம். ஒரே ஒரு இரவு உறைபனி. மறுநாள் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது. வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. நல்லவேளை, ஏப்ரலில் அடித்தண்டிலிருந்து துளிர்த்தது.

ஆகவே கணக்கு இதுதான். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கப் போகிறது என்று செய்தியில் சொன்னால் செடி உள்ளே வர வேண்டும். இது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. ஒரே நாளில் கொண்டுவராமல் ஒரு வாரம் பகலில் நிழலில் வைத்து, இரவில் மட்டும் உள்ளே எடுத்துப் பழக்குங்கள். கொண்டுவரும் முன் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் மேலும் அடியிலும் கழுவுங்கள். தண்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் பூச்சியை நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை வாங்கி வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள்.

வீட்டுக்குள் தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். ஆனால் தரையில் சூடான காற்று வரும் துவாரத்தின் மேல் மட்டும் வேண்டாம். அந்த வறண்ட காற்றில் செடி காய்ந்துவிடும். மேல்மண் ஒரு விரல்கடை காய்ந்த பிறகே தண்ணீர். மார்ச் வரை உரம் போடக் கூடாது, பெரிய தொட்டிக்கு மாற்றவும் கூடாது. நவம்பரில் இலை கொஞ்சம் உதிரும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. குளிர்காலத்தில் கறிவேப்பிலை சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான்.

பூண்டு நடுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் இதைச் செய்யுங்கள்.

ஊரெல்லாம் செடிகளைப் பிடுங்கிப்போட்டுத் தோட்டத்தை மூடிக்கொண்டிருக்கும்போது நடுகிற சாப்பாட்டுப் பயிர் பூண்டு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "என்ன அண்ணை, உள்ளி இன்னும் நடேல்லையோ?" என்றார். அங்கே பூண்டை உள்ளி என்பார்கள். நான் வெங்காயத்தைச் சொல்கிறார் என்று நினைத்து ஐந்து நிமிடம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தேன்.

பூண்டு ஒற்றைப் பல்லிலிருந்து பல பற்களாகப் பிரிய வேண்டுமானால் அதற்குச் சில வாரம் குளிர் வேண்டும். நம் ஊரில் பூண்டு மலையில் விளைவதற்கும் குளிர்தான் காரணம். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அந்தக் குளிரை ஒன்டாரியோ இலவசமாகவே கொடுக்கிறது.

விதைப்பூண்டை செப்டம்பரிலேயே உழவர் சந்தையில் வாங்கி வையுங்கள், அக்டோபரில் தீர்ந்துபோகும். கடினத்தண்டு வகை என்று கேளுங்கள். நடுவில் குச்சி மாதிரி ஒரு தண்டும், அதைச் சுற்றி ஒரே வட்டமாக நாலைந்து பெரிய பல்லும் இருந்தால் அதுதான். மியூசிக் என்கிற ரகம் இங்கே பரவலாகக் கிடைக்கிறது. நான்கு பூண்டு வாங்கினால் இருபது பல்வரை தேறும். இருபது பல் நட்டால் ஜூலையில் இருபது முழுப் பூண்டு. சமையலுக்கு விற்கிற இறக்குமதிப் பூண்டை நடாதீர்கள். முளைக்காமலிருக்க மருந்து தெளித்ததாக இருக்கலாம், இந்தக் குளிருக்குப் பழகியதாகவும் இருக்காது.

நடும் நாள் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம்வரை. நிலம் உறைவதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் என்பது கணக்கு. அதற்குள் வேர் பிடித்துவிடும், முளை மட்டும் வெளியே தலைகாட்டாது. ரொம்ப முன்கூட்டி நட்டால் முளை வெளியே வந்து பனியில் கருகும்.

நல்ல வெயில் விழும் இடமாகப் பாருங்கள். எட்டடிக்கு நாலடி போதும். மண்ணைக் கொத்திக் கிளறி மக்கிய உரம் கலந்துகொள்ளுங்கள். ஸ்கார்பரோவில் பல இடங்களில் களிமண், தண்ணீர் தேங்கும். தேங்கினால் பூண்டு அழுகும். அதனால் ஒரு சாண் உயரம் மண்ணை மேடாக்கி நடுவது நல்லது. நடுகிற அன்றைக்குத்தான் பற்களைப் பிரிக்க வேண்டும், தோலை உரிக்கக் கூடாது. இதில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்யவேண்டிய ஒன்று உண்டு: பெரிய பல்லெல்லாம் மண்ணுக்கு, சின்னப் பல்லெல்லாம் ரசத்துக்கு. நம் புத்தி எதிர்மாறாகத்தான் சொல்லும். பெரிய பல் நட்டால்தான் பெரிய பூண்டு வரும்.

தட்டையான வேர்ப்பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே. பல்லின் தலைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் மண் இருக்க வேண்டும். பல்லுக்குப் பல் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 15 சென்டிமீட்டர். ஒருமுறை தண்ணீர் விட்டுவிட்டு, மேலே உதிர்ந்த இலைகளை அரை அடி உயரத்துக்குப் போர்த்துங்கள். மேப்பிள் இலையை அப்படியே போட்டால் நனைந்து அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றே போகாது. புல்வெட்டும் இயந்திரத்தை இலைமேல் ஓட்டி நொறுக்கிப் போடுங்கள். அணில் வரும். இங்கத்து அணில் கீரிப்பிள்ளை அளவு இருக்கும். பூண்டைத் தின்னாது, ஆனால் புதிதாகக் கொத்திய மண்ணைப் பார்த்தால் கிளறாமல் போகாது. கோழிவலைக் கம்பியை மேலே விரித்து நான்கு கல் வைத்துவிட்டால் சரி.

அதோடு வேலை முடிந்தது. நவம்பரிலிருந்து மார்ச்வரை அதற்கு நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். பனி எவ்வளவு விழுந்தாலும் அதற்கு அது போர்வை. பனி உருகியதும் பச்சைக் குருத்து இலையைத் துளைத்துக்கொண்டு வரும். ஜூனில் நடுத்தண்டு பாம்பு மாதிரி சுருண்டு வளரும், அதை வெட்டித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யுங்கள், பீன்ஸுக்குப் பூண்டு மணம் வந்த மாதிரி இருக்கும். ஜூலையில் கீழ் இலைகள் பழுத்ததும் தோண்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும். அதில் பெரிய பூண்டுகளை அடுத்த அக்டோபருக்கென்று தனியே எடுத்துவைத்தால் விதை வாங்கும் செலவும் இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் பெரிய தொட்டியில் முயலலாம். தொட்டி நாலு பக்கமும் உறையும் என்பதால் சாக்கு சுற்றிச் சுவரோரம் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பாதிப்பேருக்கு வந்தது, பாதிப்பேருக்கு வரவில்லை.

இலை வாருவது

சொந்த வீடென்றால் இது தவிர்க்க முடியாத வேலை. மருமகளுக்கு மதிப்பும் கூடும். இலை உதிர்ந்து காய்ந்திருக்கும்போதே வாரிவிட வேண்டும். ஒரு மழை விழுந்தால் கனம் மூன்று மடங்கு. வன்பொருள் கடைகளில் விற்கும் பழுப்புக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் எடுக்க மாட்டார்கள். ஒரு பை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எந்த நாளில் வெளியே வைப்பது என்பது நகராட்சியின் குப்பை நாள்காட்டியில் இருக்கும்.

ஒரே பக்கமாக இடுப்பை முறுக்கி வாராதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றிப் பிடியுங்கள். அரை மணி நேரம் வாரினால் பத்து நிமிடம் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எதிர்வீட்டுக்காரர் நின்று பேசுவார். ஆங்கிலம் போதவில்லையே என்று கூச்சப்படவேண்டாம். "நிறைய இலை!" என்பதற்குமேல் அந்தப் பேச்சில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

அடுப்படி

மெக்கின்டாஷ் ஆப்பிளின் பிறந்த ஊரே ஒன்டாரியோதான். 1811இல் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் டன்டேலா என்ற ஊரில் தன் நிலத்தைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது. செப்டம்பர் நடுவில் பழுக்கும். நாமே பறித்துக்கொள்ளும் தோட்டங்களுக்குப் பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் போய் வாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கார் நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும்.

பறித்துவந்த ஒரு கூடைப் பழத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டு விடை தொக்கு. புளிப்பான ஆப்பிளாக நாலைந்தை எடுத்துத் தோலோடு துருவிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கடுகு, பெருங்காயம் தாளித்து, துருவலைப் போட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை ஸ்பூன், வெல்லம் ஒரு துண்டு. மாங்காய்த் தொக்கு என்று சொல்லிப் பரிமாறினால் பாதிப்பேர் நம்பிவிடுவார்கள். குளிர்பெட்டியில் மூன்று வாரம் வரும்.

அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கும் பெரிய பூசணியை மறுநாள் கூட்டு வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அது முகம் செதுக்குவதற்காகவே வளர்த்த ரகம், சப்பென்று நார்நாராக இருக்கும். மெழுகுவர்த்தி எரிந்த பூசணியைச் சமைக்கவும் கூடாது. கூட்டுக்கும் எரிசேரிக்கும் வேண்டுமானால் கடையில் சின்னதாக இருக்கும் பை (pie) பூசணி, அல்லது கரும்பச்சைத் தோல் உள்ள கபோச்சா. கபோச்சா நம் பரங்கிக்காய்க்கு மிக நெருக்கம்.

கடிகாரம் மாறும் நாள்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஒரு மணியாகும். சனிக்கிழமை ஆறு மணி வாக்கில் மறைந்த சூரியன் ஞாயிற்றுக்கிழமை ஐந்துக்கெல்லாம் மறையும். அதற்குப் பிறகும் பகல் சுருங்கிக்கொண்டே போகும். டிசம்பர் 21இல் மொத்த வெளிச்சமே ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மாலையில் நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்த வாரமே நடையைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சம் கண்ணில் படுவதும் அப்போதுதான். இருட்டில் தெருவைக் கடக்க நேர்ந்தால், நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வாங்கும் அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்புகிற காருக்கு நாம் தெரிய வேண்டும். மழையோ உறைபனியோ உள்ள நாட்களுக்கு மால். பல மால்கள் கடை திறக்கும் முன்பே, நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்துவைக்கின்றன. காபிக் கடையருகே நம் ஆட்களின் ஒரு மேசை எப்படியும் இருக்கும். அக்டோபரிலேயே போய் அறிமுகம் செய்துகொண்டால், ஜனவரியில் நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் அவர்களே தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

காய்ச்சல் தடுப்பூசி அக்டோபரிலிருந்து மருந்துக்கடைகளிலேயே போடுகிறார்கள். ஒன்டாரியோ சுகாதார அட்டை உள்ளவர்களுக்குக் காசில்லை. 65 தாண்டியவர்களுக்கென்று வீரியம் கூடிய வகை இருக்கிறது, அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசா) வந்தவர்களுக்கு அந்த அட்டை கிடையாது. அவர்கள் காப்பீட்டுத் தாளை ஒருமுறை பிரித்துப் படித்து, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பது நல்லது. 50 தாண்டியவர்கள் தினமும் 400 யூனிட் விட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது கனடா அரசின் பரிந்துரை. வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நிறத்துக்கு, இந்த ஊர்க் குளிர்கால வெயில் அந்த விட்டமினைத் தராது.

வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைதான். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றிவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். திரும்பப் போட்டுவிடுங்கள், தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியை ஓடவிட்டால் போதும்.

கடைசியாகத் தோட்டக் குழாய். பூண்டுக்குத் தண்ணீர் விட்டு முடித்த கையோடு, வெளிச்சுவரில் உள்ள குழாய்க்குப் போகும் இணைப்பைப் பேஸ்மென்ட்டில் தேடிக் கண்டுபிடித்து மூடுங்கள். பிறகு வெளியே வந்து குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீர் சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, திறந்தபடியே விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் இணைப்பை மூடாமல் விட்டால் தண்ணீர் உறைந்து சுவருக்குள் குழாய் வெடிக்கும், அது தெரியவருவது ஏப்ரலில். ரப்பர் குழாயையும் கழற்றி, தண்ணீரை உதறிச் சுருட்டிக் கராஜில் மாட்டிவிடுங்கள்.